இடப்பக்கம்

தவக்கால நாலாம் வெள்ளி.
தாண்டவன்வெளிக் கோயிலில்
விசிறி சுற்றியும் காற்றில்லை.
சாமியார் கேட்டார்:
இந்த நாற்பது நாளில் எதை விட்டீர்கள்?

வாங்குகளுக்குள் கணக்கு ஓடியது.
இறால். சிகரெட். இரவு நாடகம்.
மச்சான் கிங்ஸ்லிக்குக் கள்,
அதுவும் ஞாயிறு தவிர்த்து.

பிறகு அவர் கை நீண்டது.
"அதோ, மூன்றாம் வரிசை. நமது டெல்சியா.
தமையனுக்காகத் தன் உடம்பையே பிளந்து கொடுத்தவள்.
தியாகம் என்றால், பிள்ளைகளே, அதுதான்."

எல்லா முகமும் திரும்பிற்று.
அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.
பக்கத்தில் நான்,
களவெடுத்ததை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு
கோயிலுக்கு வந்தவன் மாதிரி.

பன்னிரண்டாம் தலத்துப் படத்தில் சாயம் உரிந்திருந்தது.
ஈட்டிக் காயம் வலப்பக்கம்.
இவளுக்கு இடப்பக்கம்.
அதைக் கேள்விப்பட்டுத்தான் செங்கலடி மாப்பிள்ளை வீட்டார்
"முழுசான பிள்ளையாப் பாக்கிறம்" என்று
தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.
ஐந்து கோப்பை. அவளே கழுவினாள்.

நான் வெல்டிங் பட்டறைக்காரன்.
முறிந்த கேற்றை ஒட்டுவேன்,
ஒட்டின இடம் தெரியாமல் ராவுவேன்.
வாங்கினவன்
கொடுத்தவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று
எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.
பிரசங்கமெல்லாம் கொடுக்கிறவர்களுக்கே.

திரும்பி வரும்போது
வாவிக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னாள்.
"அவருக்கு என்ன தெரியும்?
ஒப்பரேசன் அண்டு விடியப்புறம்
நான் வார்ட்டை விட்டு ஓடினனான்."

கண்டி பஸ் நிலையம்.
மட்டக்களப்பு என்று பலகை போட்ட நாலரை மணி பஸ்.
டிக்கட் எடுத்து, ஜன்னலோரம்,
மடியில் பை.
"நீ செத்தாலும் பரவாயில்ல எண்டு நினைச்சன், அண்ணே.
அந்தச் சொல்லாலயே நினைச்சன்."

கல்லடிப் பக்கம் ஒரு தோணி லாம்போடு போனது.
அது தாண்டிப் போகும்வரை
எனக்குப் பேச்சு வரவில்லை.

"பிறகு என்ன, சம்மனசு வந்து மறிச்சதா?"

"சம்மனசு! எனக்கு ஒண்டுக்கு முட்டிற்று.
இறங்கிப் போயிற்று வாறத்துக்குள்ள
பஸ் போயிற்று."

சிரித்தாள். சிரிக்கையில்
இடுப்பின் இடப்பக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொள்வாள்,
தையல் காய்ந்து இரண்டு வருடமாகியும்.
நானும் சிரித்தேன்.
எனக்குள் ஏதோ ஒரு ஆணி கழன்றது.
இவ்வளவுதானா, என் உயிர்
ஒரு பெண்ணின் அவசரத்தில் தப்பின உயிரா?

அவள் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"அடுத்த பஸ் ஆறு மணிக்கு.
சிமெந்துக் கட்டில குந்தியிருந்தன்.
பை மடியில. டிக்கட் கையில.
பஸ் வந்தது."

பஸ் வந்தது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
டிக்கட்டை என்ன செய்தாய் என்று
நான் கேட்கவுமில்லை.

வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது
முதுகுக்குப் பின்னால் அவள் குரல்:
"ஆண்டவருக்கும் அண்டு ராவு
அந்தத் தோட்டத்துக்கு வெளிய
ஒரு பஸ் நிண்டிருக்கும்.
இல்லாட்டி எதுக்கு அப்பிடி வேர்த்தது?"

இப்போதெல்லாம் விடியுமுன் எழும்பிவிடுகிறேன்.
மூன்று வருடம் ஒரு சொட்டுக்கும் வழியில்லாமல்
கிழமைக்கு இரண்டு தரம்
இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தவன்,
கொல்லைக் கக்கூசின் இருட்டில் நின்று
அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.
சிலுவை அடையாளம் போடுகிற இடமில்லை அது.
போட்டுக்கொள்கிறேன்.

உள்ளே அவள் இருமுகிறாள்.
அடுப்புப் பற்றவைக்கிற சத்தம்.
எங்கேயோ ஒரு பஸ் இப்போது புறப்பட்டிருக்கும்,
ஜன்னலோரம் ஒரு இருக்கை
காலியாக.