ஒன்பதாவது காசு

ஆண்டைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.
காலணா. செம்பு. ஒரு பக்கம் ராஜா.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
என் கடைக்குள் அது வந்தது
மோர்மிளகாய் வாசத்தோடு,
மாயழகின் டிபன் பாக்ஸ் மேல்தட்டில்
பதினான்கில் ஒன்றாக.

பள்ளத்தூரில் வீடு பிரிக்கிற வேலை அவனுக்கு.
தேக்கெல்லாம் லாரி ஏறிவிட்டது.
ரெண்டாங்கட்டில் வடிகால் கல்லை நெம்பினால்
அடியில் ஒரு துணிமுடிச்சு.
"மேஸ்திரிக்குத் தெரியாது" என்றான்,
நான் கேட்காமலே.

அவன் எடுத்து நீட்டியது வேறொரு காசை.
செல்போனில் பார்த்திருக்கிறான்:
எழுத்து இரண்டாகத் தெரிந்தால் இரண்டு லட்சம்.
"பாருங்கண்ணே, ரெண்டாத் தெரியுதுல்ல?"

தெரிந்தது.
லென்ஸை இமையோடு ஒட்டி
விளக்கை வலப்புறம் சாய்த்தேன், பிறகு இடப்புறம்.
வெளிச்சம் மாறினால் பொய் நகரும்.

இது கிழட்டு அச்சு, தம்பி.
லட்சக்கணக்கில் அடித்து அடித்து
ஓரம் தளர்ந்துபோனது.
எழுத்து பிரியவில்லை பார், உப்பியிருக்கு,
ஊறின ஜவ்வரிசி மாதிரி.
சுற்றியுள்ள வெற்றிடமும் வழவழப்பில்லை,
கிச்சிலிப்பழத் தோல்.
இந்த மாதிரி என்னிடம் ஒரு டப்பா கிடக்கு.

விடவில்லை. அடுத்ததை எடுத்தான்.
இதிலே அடி விழுந்த கணத்தில் அச்சு துள்ளியிருக்கு.
துள்ளின அச்சு எழுத்தின் தோளைச் சீவிவிடும்.
தட்டையாய் ஒரு படி தெரியுதே, அதுதான்.
இங்கே எதுவும் கூடவில்லை,
இருந்ததில் கொஞ்சம் போயிருக்கு.

"அப்ப நெசம் எப்படித்தாண்ணே இருக்கும்?"

நியாயமான கேள்வி.
என் பெருவிரல் அப்போது அதன்மேல்தான் இருந்தது.

காசு அடிப்பதற்கு வெகுமுன்னால்
தாய் முத்திரை இறங்கித்தான் அச்சே உண்டாகும்.
ஒருமுறை போதாதென்று மறுமுறை இறக்குவார்கள்.
அந்த மறுமுறை மயிரிழை விலகினால்
அச்சு பிறக்கும்போதே இரட்டை.
அதில் விழும் எல்லாக் காசிலும்
அதே எழுத்து, அதே பக்கம்.
இரண்டுக்கும் தனித்தனி உயரம் இருக்கும்,
முதுகு உருண்டிருக்கும்,
முனையில் பாம்பு நாக்காய் ஒரு பிளவு.
தேய்மானத்துக்கு வீங்கத் தெரியும்,
பிளக்கத் தெரியாது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன்,
ஒரு சொல் விடாமல்.
பெருவிரலை மட்டும் எடுக்கவில்லை.

காசுக்கு நாற்பது. ஐந்நூற்று அறுபது.
அறுநூறாகக் கொடுத்து மீதியை வைத்துக்கொள் என்றேன்.
"பெரிய மனசுண்ணே."
காலி டிபன் பாக்ஸ் வண்டியில் மாட்டியதும்
ஆடி ஆடிச் சத்தம் போட்டது
கல்லுக்கட்டி திருப்பம் வரை.

பிறகும் வந்தான். பித்தளைத் தாழ்ப்பாள், பீங்கான் குமிழ்,
உடையாத ஒரு பெல்ஜியம் கண்ணாடி.
கூட வேலை செய்கிற செவத்தியானையும் அழைத்து வந்தான்:
"அண்ணன் உள்ளதைச் சொல்லிரும்டா."

உள்ளதைத்தான் சொன்னேன்.

முப்பத்தோரு வருடமாய்க் கடை.
அடித்து அடித்து ஓரம் தளர்ந்ததா,
முதல் நாளே மயிரிழை விலகி இறங்கியதா என்று
அந்த பெல்ஜியம் கண்ணாடியில் பார்த்தேன் ஒருநாள்.
ரசம் போயிருந்தது அதில். விற்றுவிட்டேன்.

காசை மாசியில் எடுத்தேன்.
கோயம்புத்தூர்க்காரர், வெள்ளைக் கையுறை,
என்னுடையதைவிட நல்ல லென்ஸ்.
வலப்புறம் சாய்த்தார். இடப்புறம்.
"அசல்தான். அச்சிலேயே உள்ளது" என்றார்.
நாக்குப் பிளவைத் தொடாமல் சுட்டினார்.

பிறகு முகம் சுளித்தார்.
ராஜாவின் தாடிமேல்
வளைந்து வளைந்து ஒரு ரேகை.
வேர்வை செம்பைத் தின்றிருந்தது, இனிப் போகாது.
"விவரங்கெட்டவன் எவனோ
பெருவிரலை வச்சு அழுத்தியிருக்கான்."

ஐயாயிரம் குறைத்தார்.
நான் பேரம் பேசவில்லை.