ஒன்பதாம் வீட்டின் தெற்கு யன்னல்

கொழும்புத்துறைக் கரையில் பதினொரு வீடுகள்.
ஒன்றுக்கும் இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை,
எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது
என் கணினித் திரையில்.

நீச்சல் குளத்துக்கு விளிம்பு தெரியக்கூடாது,
குளம் முடிகிற இடத்தில் கடல் தொடங்கவேண்டும்
என்றார் மூன்றாம் வீட்டுக்காரர், ஸ்காபரோவிலிருந்து.
வரைந்தேன்.
கடல் தொடங்குகிற இடத்தில்
முழங்கால் தண்ணியும் சேறும்தான் என்று
நான் சொல்லவில்லை.
ஆறாம் வீட்டுக்குப் படகுத்துறை வேண்டுமாம்.
முந்நூறு மீற்றர் நடந்தாலும் இடுப்பு நனையாத கடலில்
எந்தக் கப்பலைக் கொண்டுவந்து கட்டுவார்?
அதையும் வரைந்தேன்,
வெள்ளைப் படகு ஒன்றும் சேர்த்து.

உப்புக்கு எல்லாம் ருசி.
சோளகம் பிடித்தால்
எட்டே மாதத்தில் பிணைச்சல் அழத் தொடங்கும்.
ஆகையால் முந்நூற்றுப் பதினாறாம் இலக்க உருக்கு,
ஆகையால் விலை,
ஆகையால் தொலைபேசியில் நீளமான மௌனம்.

விற்பனைக்குப் பொறுப்பான றொஷாந்தன்
படத்தைப் பெருப்பித்துப் பார்த்து
"கடலுக்கை நிக்கிற தடியள் என்ன?" என்றான்.
களங்கண்ணித் தடிகள்.
எமில்டாவின் புருஷன் நட்டவை.
"எடுத்துவிடுங்கோ, பார்வைக்கு இடைஞ்சல்."
எடுத்தேன்.
ஒரு சொடுக்கில் நாற்பத்திரண்டு தடிகள்.
அன்று பின்னேரம் எல்லைக்கல் பார்க்கப் போனபோது
எமில்டா கரையில் குந்தியிருந்து
நண்டுகளுக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தாள்.
கிலோ விலை சொன்னாள்.
பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் வீட்டுக்குக் கணவர்தான் கதைப்பார், ஒஸ்லோவிலிருந்து.
படுக்கையறையின் தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி,
கண் விழித்தால் கடல்.
இரண்டு கிழமை கழித்து ஒரு இரவு
அவர் மனைவி எடுத்தா. சுகிர்தமலர்.
"தங்கச்சி, அந்தச் சுவரிலை கண்ணாடி வேண்டாம்."
வெயிலுக்காகவா அக்கா என்றேன்.
"கிளாலியாலை வந்தனாங்கள். தொண்ணூற்றி மூண்டிலை.
வள்ளத்திலை பதினாலு பேர் ஏறினது."
எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்லவில்லை.
அங்கே அடுப்பில் குக்கர் விசிலடித்தது.
பொறுங்கோ என்று போய் அணைத்துவிட்டு வந்தா.

அப்ப ஏன் கரையிலை காணி வாங்கினீங்கள்?
"கடல் வேணும் பிள்ளை.
படுத்திருக்கேக்கை அது என்னைப் பார்க்கக்கூடாது."

உங்கட உயரம் எவ்வளவு அக்கா?

"அஞ்சடி ஒண்டு. ஏன்?"

விடியும்வரை இருந்தேன்.
யன்னலின் அகலத்தைத் தொடவில்லை.
கீழ்ச்சட்டத்தை மட்டும் உயர்த்தி உயர்த்தி
நாலடி ஏழு அங்குலத்தில் நிறுத்தினேன்.
படுத்தால் வானம்.
கட்டிலில் எழும்பி இருந்தாலும் வானம்,
மாரியென்றால் முகில்.
தானாக எழுந்து, நாலு எட்டு வைத்து,
கையைச் சுவரில் ஊன்றி நின்றால்தான்
கடல்.

தளப்படத்தில் யன்னல் என்பது மூன்று மெல்லிய கோடு,
உயரம் அதில் தெரியாது.
அதனால் முகப்புப் படத்தையும் சேர்த்தே
கணவருக்கு அனுப்பினேன்.
நாலு நாள் பதில் இல்லை.
ஐந்தாம் நாள் முற்பணம் வந்திருந்தது,
யன்னலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல்.

கடைசியாக ஒரு வேலை செய்தேன்,
ஒருவரும் கேட்காதது.
ஒன்பதாம் வீட்டுக் கடலில்
நாற்பத்திரண்டு தடிகளையும் திரும்ப நட்டேன்.
தடி நிற்கிற இடத்தில்
கால் எட்டும்.

"ஒன்பதிலை மட்டும் தடியள் மிஞ்சிப்போச்சு அக்கா"
என்கிறான் றொஷாந்தன், நாளைக்கு அச்சுக்குப் போகவேணுமாம்.
ஓம் தம்பி, பார்க்கிறன் என்கிறேன்.
மின்விசிறி சுற்றுகிறது.
நான் சுட்டியைத் தொடவில்லை.