பிழை எண் 1068

சுத்தம் செய்யும் மென்பொருள். இலவசம்.
பென் டிரைவ் வழியாக
கேம்ப்பில் இருமல் மாதிரி அறைக்கு அறை பரவி
வியாழன் இரவு என் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் என்றது.
இத்தனை பிழைகளோடா மூன்று வருஷம்
முன்னூறு பேரின் ஓவர்டைமைக் கூட்டிக் கொடுத்தாய்?
தேவையற்ற சேவைகள் பதினேழு என்றும் சொன்னது.
பெயர்களை நான் படிக்கவில்லை.
சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி.

வேகம் கூடியிருந்தது, மறுப்பதற்கில்லை.
ஓசைதான் இல்லை.

மூலையில் குட்டி ஸ்பீக்கர் படத்தின் மேல்
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
ஹெட்போனைப் பிடுங்கிச் செருகினேன்.
துளைக்குள் ஊதிப் பார்த்தேன்,
ஜுபைலில் எந்த மெஷினுக்கும் முதல் வைத்தியம் அதுதான்.
ஒலியளவை நூறுக்கு ஏற்றினேன்.
டிரைவரை அழித்து மறுபடி போட்டேன்.
‘உங்கள் சாதனம் சரியாக இயங்குகிறது’ என்றது திரை,
முதீர் முன்னால் நிற்கும் சூப்பர்வைசரின் பணிவோடு.

மணி இரண்டரை.
மேல்கட்டிலில் பரக்கத்துல்லா புரண்டு படுத்தார்.
சேவைகளின் பட்டியலைத் திறந்தேன்.
இருநூறுக்கு மேல் பெயர்கள்,
பாதி என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது.
ஆடியோ: முடக்கப்பட்டது.
தொடங்கு என்றேன்.
பிழை 1068.
இது எதைச் சார்ந்திருக்கிறதோ
அது இயங்கவில்லை.

கை அங்கேயே நின்றுவிட்டது.

போன மார்ச்சில் கம்பெனிக்கும் ஒரு பச்சைப் பொத்தான் வந்தது,
கோபாரிலிருந்து, டை கட்டிக்கொண்டு.
சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று கேட்டது.
டைம்கீப்பர் நான்தானே. எக்செல்லில் தட்டினேன்.
பதினோராவது வரி சூசைமாணிக்கம், ஜெனரேட்டர் ஹெல்பர்.
பொய் இல்லை,
பகலெல்லாம் அவர் கவிழ்த்த பக்கெட் மேல்
உட்கார்ந்துதான் இருந்தார்.
வெள்ளிக்கிழமை ஃபைனல் எக்ஸிட்.

சனிக்கிழமை பஸ் ஐம்பது நிமிஷம் தாமதம்.
ஞாயிறு வரவே இல்லை.
மெக்கானிக் பஸ்ஸுக்கு அடியில் படுத்து
பேட்டரியின் பரம்பரையைத் திட்டினார்.
செவ்வாயன்று டிரைவர் குல்ஜார் கான்
கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்:
மூன்றரைக்கு ஒருத்தன் கதவைத் தட்டிக்கொண்டு போவானே,
எங்கே அவன்?

தட்டச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை.
ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து நடந்து வரும் வழியில்
டிரைவர் கதவு, அடுத்தது எங்கள் கதவு,
விரல் முட்டியால் இரண்டு தட்டு.
அவ்வளவுதான்.
என் எக்செல்லில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
இப்போது அலாரம் வைத்திருக்கிறார்கள்,
வாரத்துக்கு ஒருமுறையாவது யாரோ அணைத்துவிடுகிறார்கள்.

ஆடியோ எதை நம்பி இருக்கிறது என்று தேடிப் போனேன்.
கீழே ஒரு சேவை.
பெயரைப் பார்த்தால் ஒலிக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.
நிலை: முடக்கப்பட்டது.
தானியங்கி என்று மாற்றினேன்,
தொடங்கு என்றேன், தொடங்கியது.
பிறகு ஆடியோ. அதுவும்.
இவ்வளவு லேசாக இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன்.
ஒலியளவு நூறில் இருப்பது நினைவில் இல்லை.
மூன்று முப்பத்து நாலுக்கு அது கொடுத்த வரவேற்பில்
ஆறு கட்டில்களும் ஒரு குலுக்கு குலுங்கின.
எதிர்க்கட்டில் தேவசித்தம்
கண்ணைத் திறக்காமலே ஒரு காலை பூட்ஸுக்குள் விட்டு,
‘எழுந்தாச்சு சூசையண்ணே’ என்றான்.

இன்றைக்கு வெள்ளி, பஸ் கிடையாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் இன்னொரு பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தான்.