மூன்று பைகளின் வரவு செலவு

ஊரார் கணக்கெல்லாம் என் மேசையில்தான்.
பூக்கடை லேலோவின் வாடகை பாக்கி,
பல் மருத்துவர் வாங்கிய நாற்காலியின் தேய்மானம்.
ஆகவே நான் சொன்னால் நம்பலாம்:

விதைக்கிழங்கு ஆறு, மூன்று யூரோ இருபது.
துணிப்பை மூன்று, பன்னிரண்டு.
நாற்பது லிட்டர் மண்மூட்டை நான்கு, இருபத்திரண்டு.
உரம் ஆறு.
மொத்தம் நாற்பத்து மூன்று யூரோ இருபது சென்ட்.

ஏற்றுக்கூலி இல்லை.
ஐந்து மாடிக்கும் லிஃப்ட் என்று ஒன்றை
இந்தக் கட்டடத்தை வரைந்தவன் நினைக்கவேயில்லை.
உர்மாஸ் தோளில்தான் ஏற்றினான்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூட்டையோடு நின்று
யாரோ கேட்டதுபோல்
"ஒன்றுமில்லை" என்றான்.

தார்த்துவில் ஏப்ரல் என்பது
அழுக்குப் பனி ஓரங்கட்டி நிற்கும் மாதம்.
முட்டை அட்டையில், ஜன்னலோரம்,
கிழங்குகள் முளைவிட்டன
ஊதா நிறத்தில், எலி மூக்குப் போல.
வெளிச்சம் எல்லாவற்றுக்கும் சமமாக விழவேண்டுமாம்,
தினம் இருமுறை அட்டையைத் திருப்பி வைத்தான்.
மரப்பலகை ஆலை மார்ச்சிலேயே மூடியிருந்தது.
அதை எந்தப் பக்கம் எழுதுவது?
எழுதவில்லை.

மே. இலை வந்தது, மண் போட்டான்.
மறுபடி இலை. மறுபடி மண்.
தலை தூக்கத் தூக்கக் கழுத்துவரை புதைக்கும்
இந்த வேளாண்மையை
யார் கண்டுபிடித்தார்களோ.

ஜூனில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனது.
நான்காம் மாடிக் கொடியில் காய்ந்த தலையணை உறைமேல்
தேநீர் நிறத்தில் ஒரு தேசத்தை வரைந்தது.
ஜினாய்தா அர்க்காத்யெவ்னா அந்தத் தேசத்தைத் தூக்கிக்கொண்டு
மேலே வந்தாள்.
எஸ்தோனிய மொழியில் விசாரித்தாள், ருஷ்ய மொழியில் திட்டினாள்.
தீர்ப்பு: விளைச்சலில் மூன்று கிழங்கு,
பெரிதாய்ப் பார்த்து.
எழுதிக்கொண்டேன்: அபராதம், பொருளாக.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குகூட மிஞ்சாதாம்.
இங்கே உழவே கிடையாது,
கணக்குப் பார்க்க மட்டும் ஒருத்தி.

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு
பழைய படுக்கை விரிப்பில் பைகளைக் கவிழ்த்தான்.
முதல் பையில் பதினொன்று.
இரண்டாவதில் ஒன்பது, ஒரு நத்தை
(ஐந்தாம் மாடிக்கு எப்படி வந்ததோ, அதற்கும் கூலி இல்லை).
மூன்றாவதில் வேர்தான் அதிகம்,
கோலிக்குண்டு அளவில் நான்கு.
சமையல் தராசில் தவணை தவணையாய் வைத்தோம்.
மூன்று கிலோ நானூறு.
சந்தையில் கிலோ எழுபது சென்ட்,
அதுவும் கழுவி, வலைப்பையில் கட்டி.
எங்களுடையது பன்னிரண்டு யூரோ எழுபது.

"லாபமா?" என்றான், நகமெல்லாம் மண்ணோடு.
இருபத்தாறு வருடமாக
வாடிக்கையாளர் யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை.
"இல்லை."
தலையாட்டினான்.
மண்ணைத் திரும்பப் பைக்குள் அள்ளியபடி
"அடுத்த வருடம் இந்த இருபத்திரண்டு மிச்சம், பார்" என்றான்.

கணக்கில் வராதது ஒன்று உண்டு.

ஜூலையில், நள்ளிரவிலும் வானம் முழுசாக அணையாத ஒரு நாள்
அவன் தூங்கியபின்
நடுப் பைக்குள் கையை விட்டேன், முழங்கை வரை.
உள்ளே மண் வெதுவெதுப்பாக இருந்தது
உறங்குபவனின் பிடரி மாதிரி.
விரல்கள் வேர் வேராய்த் தடவிப்போய்
ஓர் உருண்டையில் நின்றன.
கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிது.
தோலோடு வேகவைத்து
ஆறவிடப் பொறுமையில்லாமல்
அடுப்பருகே நின்றபடியே தின்றேன். நாக்கு வெந்தது.
பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷால்
நகங்களைத் தேய்த்தேன், அவனுடைய பிரஷ்.

எண்பது கிராம் இருக்கும்.
சேர்த்தால் கிலோவுக்கு இருபத்தொன்பது சென்ட் குறையும்,
அவன் பக்கத்து நியாயம் அவ்வளவு கூடும்.
ஏட்டை நான் திருத்தவில்லை.

அன்றிரவு வெண்ணெயும் சதகுப்பைக் கீரையும் போட்டு
தட்டில் வைத்தான்.
தான் தொடாமல்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
முதல்முறை தின்பவளின் முகத்தை
எங்கிருந்து எடுப்பது என்று
நான் தேடிக்கொண்டிருந்தேன்.