ஐம்பத்தொன்று

காட்பாடி ஜங்ஷன், இரண்டாம் பிளாட்பாரம்.
சிவப்பும் பச்சையுமாய் பல்பு சுழலும் எடை மெஷினில்
ஐந்து ரூபாய் போட்டேன்.
கடகடவென்று யோசித்து
ஓர் அட்டையைத் துப்பியது.
ஐம்பத்தொன்று.
பின்பக்கம்: பொறுமை உங்கள் பலம்.

தை மாசமும் ஐம்பத்தொன்றுதான்.
அப்போது பின்பக்கத்தில்
வெளிநாட்டு யோகம் இருந்தது.

நடுவில் நடந்தது மெஷினுக்குத் தெரியாது.

விருதம்பட்டுக் கிணற்றில் சட்டையைக் கழற்றிய அன்று
கோகுலவாசன் கேட்டான்:
"இன்னாடா இது, நூலுக்குத் தொப்பை கீது?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
சொன்னது சரியாக வேறு இருந்தது.
கைகளை வயிற்றின் குறுக்கே கட்டிக்கொண்டே குதித்தேன்.
அப்படிக் குதித்தால்
மூக்கில் தண்ணீர் ஏறும்.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
கண்ணாடி முன்னால் நின்று
நானும் ஒன்று சேர்த்தேன்:
தோளில்லாத சட்டை.

முதலில் ராத்திரிச் சோற்றை விட்டேன்.
கை இளைத்தது, கன்னம் இளைத்தது,
வயிறு மட்டும்
வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன் மாதிரி
காலி பண்ணவே இல்லை.
பதினாலாம் நாள் பிரேயரில் கண் இருட்டி
ஹெச்.எம். காலடியில் விழுந்தேன்.
பக்தி என்று நினைத்திருப்பார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேன் வருமுன்
மூன்று முட்டை அவித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
அன்றிலிருந்து அவள் டப்பாவில்
முட்டை இருந்ததில்லை என்பதை
நான் பார்த்தது சித்திரையில்தான்.
அதற்கப்புறம் இரண்டே தின்றேன்.

ஜிம்முக்கு மாசம் எண்ணூறு.
ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டைக் கழுவி
பாலாற்றில் நிரப்பிவந்தேன்.
தண்ணியில்லாத ஆறு
கைக்கு எட்டு கிலோ கனத்தது.

தண்டால், முதல் நாள் மூன்று.
மூன்றாவது பாதியில் நின்றதையும் சேர்த்து.
கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளம்
காலை எட்டுக்கே உள்ளங்கையைச் சுடும்,
ஐந்து மணிக்கே எழுந்தேன்.
எதிர்வீட்டு மாடியில்
துணி காயப்போட வரும் அக்கா
முதல் வாரம் சிரித்தாள்,
இரண்டாம் வாரம் எண்ணினாள்,
அப்புறம் அவள் பாட்டுக்குத் துணி காயப்போட்டாள்.
அந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

தங்கை ஷர்மி
அம்மாவின் தையல் டேப்பால் அளந்து
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள்.
வயிறு எழுபத்தொன்பது, இப்போது எழுபத்தைந்து.
கை இருபத்துநாலு, இப்போது இருபத்தாறு.
"டேப் பழசு, இழுபட்டு நீண்டிருக்கும்" என்றேன்.
"நீண்டிருந்தா கையும் கொறைச்சலாத்தானே காட்டணும், லூசு?"

அவளிடம் பதில் சொல்ல முடியாமல்தான்
இன்றைக்கு மெஷினிடம் வந்தேன்.

ஐம்பத்தொன்று.

அட்டையைக் கிழிக்கலாமா என்று நிற்கையில்
ஒரு வங்காளக் குடும்பம்.
அப்பாவின் தலையில் கட்டு,
மகள் கையில் ஆஸ்பத்திரி ஃபைல்,
நடுவில் பெரிய தகரப் பெட்டி.
ரயில் ஊதிவிட்டது.
அந்த அம்மாளின் கண்
பிளாட்பாரத்து முகங்களை வேகமாகப் புரட்டியது,
டீ விற்கிறவர், போலீஸ்காரர்,
செல்போனில் இரண்டு காலேஜ் பையன்கள்.
என்னிடம் வந்து நின்றது.

பின்னால் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.

தூக்கினேன்.
மேல்படியில் முழங்கை கொஞ்சம் நடுங்கியது,
அக்குளில் சட்டைத் தையல் பட்டென்று விட்டது.
பெட்டி ஏறிவிட்டது.
அந்த அம்மாள் ஏதோ சொன்னாள்.
எந்த பாஷையில் இருந்தாலும் அது
வெளிநாட்டு யோகம் இல்லை.

ரயில் போனபின்
பல்பு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.
பையில் கடைசி ஐந்து ரூபாய்.

கடலைமிட்டாய் வாங்கினேன்.