பார்சல் கணக்கு

கருத்துக்கணிப்பு வந்த இரவு
மஞ்சக்குப்பம் தேர்தல் அலுவலகத்தில்
மின்விசிறிகூட யோசித்து யோசித்துச் சுற்றியது.

நாலரை சதவீதம் பின்னால்.
சென்னையிலிருந்து வந்திருந்த ஹரிகேஷ்
லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.
நகரச் செயலாளர் கலியமூர்த்தி மட்டும்
"நானூறு பேரைக் கேட்டா அது ஊராய்யா?" என்றார்.
போன மாதம் வேறு நானூறு பேர்
மூன்று முன்னால் என்றபோது
பட்டாசு வாங்க ஆள் அனுப்பியவர்.
பில் என்னிடம் இருக்கிறது.

நான் சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறவள்.
என் கணிப்பு இவ்வளவுதான்:
வெள்ளிக்கிழமை நூற்று நாற்பது பார்சல்.
சனிக்கிழமை நூற்றுப் பத்து.
ஞாயிறு, அதுவும் மட்டன், எழுபத்தெட்டு.
கெடிலம் பாலம் ஏறுமுன்பே
பைக்கில் கட்டிய கொடியை அவிழ்த்து
சீட்டுக்கடியில் திணித்துக்கொண்டு போகிறார்களாம்.
டீ கொண்டுவரும் பையன் சொன்னான்.

முன்னால் இருந்தபோது
மார்போடு நின்ற வேட்பாளரின் கும்பிடு
இப்போது தலைக்கு மேல் போகிறது.

மறுநாள் சுவரில் வரைபடம்.
பச்சை, நம்முடையது.
மஞ்சள், இழுத்தால் வரும்.
சிவப்பு, டீசல் வீண்.
திருப்பாதிரிப்புலியூர் பச்சை, ஓரத்தில் மட்டும் வெளுப்பு.
தேவனாம்பட்டினம் பாதிக்குப் பாதி மஞ்சள்.
முதுநகரில் ரயில்வே கேட் தாண்டி
நான் குடியிருக்கும் சந்து
சிவப்பு.

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு
சொம்பில் தண்ணீர் கொடுத்தவள் நான்தான்.
போட் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த என் வீட்டுக்காரர்
கிரீஸ் கையோடு, நிமிராமல்,
"இன்னும் யோசிக்கல" என்றார்.
சாப்பிடுறீங்களா என்று கேட்டாலும்
அதையேதான் சொல்வார்.
எதிர்வீட்டு ஜூலியட்
குழாயில் மூன்று நாளாய்க் காற்று வந்த கோபத்தில்
அந்தக் கட்சி பேரைச் சொன்னாள்.
இரண்டு வாசல்.
அதற்குள் சந்து முழுக்க ஒரே நிறம்.

பிரச்சார வேன் எங்களைத் தாண்டிப் போய்விடுகிறது.
"ஏன்க்கா, உங்காளுக்கு இந்தப் பக்கம்
வழி தெரியாதா?"
இடுப்பில் குடத்தோடு கேட்கிறாள் ஜூலியட்.
வராமல் போன ஒவ்வொரு நாளும்
இன்னும் கொஞ்சம் சிவக்கிறோம்.

இரவு பதினோரு மணிக்கு ஜைலானி பாய் போன்.
எதிர்முகாமுக்கும் அவர் அண்டாதான்.
எந்த அலுவலகத்தில் எத்தனை வயிறு என்று
கடலூரில் அவர் ஒருவருக்குத் தெரியும்.
கேட்டால் சிரிப்பார்,
சொல்லமாட்டார்.

"நாளைக்கு எத்தனைம்மா? அரிசி ஊறப்போடணும்."

கலியமூர்த்தி என் வாயையே பார்க்கிறார்.
ஹரிகேஷ்கூடத் திரையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டான்.
நான் எழுபது என்றால்
விடிவதற்குள் அந்த எழுபது
பழைய பேருந்து நிலையம்வரை போய்
நாற்பதாகத் திரும்பி வரும்.

"நூற்று நாற்பது" என்றேன்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் அண்டா தேய்க்கும் சத்தம்.

"எழுதிக்கட்டுமா?" என்றார்,
பென்சிலை இன்னும்
தாளில் வைக்காத குரலில்.