ஒரு சோடி

முந்நூற்றுப் பத்துக் கிராம்.
குருநகர்ச் சந்தையில் இறால் நிறுக்கிற தராசில்
எமில்டாவின் அண்ணன் வைத்துப் பார்த்தான்.
ஒற்றைச் சப்பாத்து.
"நல்ல நண்டொண்டு இதைவிடப் பாரம்" என்றான்,
காசு குடுத்து ஏமாந்திட்டியள் எண்ட மாதிரி.

சீட்டுக்காசில் பாதி அவள், பாதி நான்.
இரண்டு பேருக்கும் ஆறாம் அளவு.
பத்து நிமிடம் அவள் உள்ளே, பத்து நிமிடம் நான்.
வாங்கில் குந்தி நாடா அவிழ்க்கும் வரை
நடுவர் விசிலைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பார்.
கழற்றித் தருகையில் உள்ளே அவள் சூடு இருக்கும்.
முதல் நாள் கூசியது.
பிறகு அந்தச் சூடில்லாமல் ஓடப் பிடிக்கவில்லை.

பொய் சொல்லக்கூடாது, ஓடத் தெரிந்த சப்பாத்து.
தோள் இடப்பக்கம் சரிய நினைக்க முன்னம்
கால் அங்கே போய் நிற்கும்.
மேலே வலைத்துணி, வேர்வை தங்காது.
குதித்து இறங்கும்போதுதான் கஞ்சத்தனம் தெரியும்:
குதிக்கால் மெத்தை மெல்லிசு,
சீமெந்து நேரே முழங்காலோடு கதைக்கும்.
அடியில் மீன்முள் போலக் கோடுகள்.
கடற்கரைப் பொடிமணல் அதற்குள் அடைந்தால்
உள்ளங்கையில் துப்பித் துடைக்க வேணும்.
மூன்று ஓட்டத்துக்குப் பிடிக்கும்.
நாலாவதில் சறுக்கும்.

பலகைத் தளத்துக்கென்று செய்தது அது.
எங்களிடம் இருப்பது மழை குடித்து வெடித்த களம்.
மூன்று மாதத்தில் பெருவிரலடி தேய்ந்தது, நான்.
வெளிவிளிம்பு தேய்ந்தது, அவள்.

ஆடி மாதம், சோளகம் உச்சம்.
சுன்னாகத்தாரோடு இறுதிப் போட்டி.
கடைசிக் காற்பகுதியில் ஆறு நிமிடம் கிடக்க
தர்மிகா ஐந்தாவது பவுலோடு வெளியே வந்தாள்.
வாங்கில் மிச்சம் நான் மட்டும்.
முதல் தடவையாக அவளும் நானும்
ஒரே நேரத்தில் உள்ளே.

"கெதியா! ஆர் போடுறது?" றெஜிஸ் சேர் கத்தினார்.

எமில்டா வலக்கைக்காரி, இடது காலில் உந்தி எழும்புவாள்.
நான் இடக்கை. எனக்கு வலது.
ஒருவரும் கதைக்கவில்லை.
அவள் வலதைக் கழற்றி எறிந்தாள்.
என் பழைய வலதை நான் உருட்டிவிட்டேன்.

ஆளுக்கொரு வெள்ளைக் கால், ஆளுக்கொரு கறுப்பு.
மதிலில் இருந்த பெடியள் விழுந்து விழுந்து சிரித்தாங்கள்.
ஏ.எல்லுக்குத் தமிழ் எடுத்தவள் நான்.
கால் என்றால் பாதம், கால் என்றால் நாலிலொன்று,
பழஞ்சொல்லில் கால் என்றால் காற்று.
மூன்றும் அந்த ஆறு நிமிடத்துக்குள் நின்றன.

நடை நொண்டியது.
பாரக்கால் ஒரு சொல் பிந்தி வந்தது.
தட்டுத் தட்டென்று கேட்கவேண்டிய இடத்தில்
தட்டு... தொம்.
என்னைக் காத்த நெட்டைப் பெட்டைக்கு
அந்தத் தாளம் கடைசி வரை பிடிபடவில்லை.
இரண்டு தரம் அவளைத் தாண்டினேன்.
மூன்றாந்தரம் இடது, வலது, எழும்பு.
எழும்புகையில் காலில் ஒன்றும் இல்லை,
தோலும் இல்லைப் போல.

நாலாவதில் துடைக்க மறந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன்:
வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை
எமில்டா இடக்காலில் எழும்பி எடுத்துப்
போட்டாள்.
சமம்.
பிறகு சுன்னாகம் போட்டது.
இரண்டு புள்ளியால் தோற்றோம்.

அழுதுகொண்டு ஓட்டோ ஏறினதில்
ஆளுக்கொரு வெள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டோம்.
காலையில் சந்தைக்குப் போய் என்னதை நிறுத்தேன்.
இருநூற்றுத் தொண்ணூறு.
இருபது கிராம் களத்தில் கிடக்கு,
எது அவளது, எது என்னது என்று கூட்டி எடுக்க ஏலாது.

"செவ்வாய் பயிற்சி. வலதைக் கொண்டா" என்று
மெசேஜ் போட்டிருந்தாள்.
"நீ இடதைக் கழுவிக்கொண்டு வா" என்றேன்.
இறால் மணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.